நின்ற வண்டியும் சுமத்திய பழியும்

எங்கள் ஊரில் வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். திருப்பூர்ப் பனியன் ஒன்று கடைக்குப் போவதற்கு முன் எத்தனை வாசற்படி ஏறி இறங்குகிறது என்பது தோழியர் பலருக்கும் தெரியும். நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஏற்றுவது ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம். பிசிறு வெட்டுவதும் செக்கிங் பார்ப்பதும் இன்னொரு வீட்டுத் திண்ணையில். இத்தனை இடங்களுக்கும் நடுவே பெரிய மூட்டைகளை டெம்போக்கள் சுமக்கின்றன; சின்ன மூட்டைகளை மொபெட்டுகள் சுமக்கின்றன. காதர்பேட்டைப் பக்கம் காலையில் நின்று பார்த்தால், ஓட்டுபவர் தலையே தெரியாத அளவுக்குத் துணி மூட்டை ஏற்றிய மொபெட்டுகள் வரிசையாகப் போவதைக் காணலாம்.

அப்படிப்பட்ட ஒரு மொபெட்டைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம். நாங்கள் அக்கா தங்கை இருவர். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு. இளையவள் பத்தாம் வகுப்பு. இருவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். ஏனென்றால் இதில் வரும் தவறு இருவருக்கும் பொது.

எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில் இரண்டு ஓவர்லாக் மெஷின், ஒரு பேட்லாக், ஒரு சிங்கர். அம்மாவும் அக்கம்பக்கத்து அக்காமார் மூவரும் அங்கே ஜாப் ஒர்க் தைக்கிறார்கள். அப்பா ஒரு நிட்டிங் கம்பெனியில் இரவு ஷிப்ட். மூட்டை கட்ட, ஏற்ற, இறக்க, பெட்ரோல் போட்டு வர ஒடிசாவிலிருந்து வந்த ஓர் அண்ணன் எங்களிடம் வேலை பார்க்கிறார். வயது இருபதுக்குள்தான் இருக்கும். நமது தமிழைத் திருப்பூர்த் தமிழாகவே கற்றுக்கொண்டவர். "வாங்கம்மா, போங்கம்மா" என்று மரியாதை மாறாமல் பேசுவார். வண்டியை ஓட்டுவது அம்மா.

சென்ற ஐப்பசி மழையில் கொட்டகைத் தகரம் ஒழுகியது. சொட்டிய இடம் மிகச் சரியாக மொபெட்டின் பெட்ரோல் டாங்கின் மேல். ஒரு நாள் வண்டி கிளம்பவே இல்லை. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்து, "தண்ணி இறங்கியிருக்குதுங்க" என்றார். துடைத்து மாட்டினார், வண்டி ஓடியது. அன்று மாலையே நாங்கள் ஒரு காரியம் செய்தோம். துணி சுற்றி வரும் பாலிதீன் பையில் ஒன்றை எடுத்து, டாங்க் மூடியின் மேல் போர்த்தி, தலைமுடிக்குப் போடும் ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினோம். இனி ஒரு துளி மழையும் இறங்காது! அம்மா எங்கள் கெட்டிக்காரத்தனத்தை மெச்சினார். நாங்களும் மெச்சிக்கொண்டோம்.

அதன்பிறகு ஒரு வாரம் சுகமாகப் போயிற்று. பிறகு ஒரு காலை, மூட்டையோடு கிளம்பிய அம்மா ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டார். வண்டி இருமிற்று, நின்றது. கிக்கரை எத்தனை முறை மிதித்தும் உயிர் வரவில்லை. அம்மா சோக்கை இழுத்துப் பார்த்தார். வண்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். டாங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். சற்று நேரம் ஆற விட்டார். பின்னர் மிதித்தால் கிளம்பியது. இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. இப்படியே நின்று நின்று கம்பெனி போய்ச் சேர்ந்தார். மறுநாள் ஒரு குறையும் இல்லை. நான்கைந்து நாள் கழித்து மறுபடி அதே கதை.

வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டு போனோம். பாலிதீன் பை பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அதைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டு போனோம். (இந்த வரியைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) அங்கே வண்டி ஒரு மிதியில் கிளம்பி ஓடு ஓடென்று ஓடியது. அவர் புது பிளக் ஒன்று மாட்டி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் பையை மறுபடி இறுக்கிக் கட்டினோம்.

அம்மாவிடம் ஒரு கணக்கு நோட்டு உண்டு. எந்த லாட், எத்தனை பீஸ், என்றைக்கு டெலிவரி, என்றைக்குப் பெட்ரோல் என்று எல்லாம் அதில் இருக்கும். மூன்றாம் முறை வண்டி நின்ற அன்று நாங்கள் அந்த நோட்டைப் புரட்டினோம். வண்டி நின்ற நாள் மூன்று. மூன்றுக்கும் முந்தின மாலை பெட்ரோல் போட்ட நாள்! பெட்ரோல் போட்டு வந்தவர் யார்? ஒடிசா அண்ணன்.

எங்களுக்கு வேறென்ன வேண்டும்? "பாதிக் காசுக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு மீதிக்குத் தண்ணீர் கலக்கிறார் போல" என்று சொன்னவள் எங்களில் ஒருத்தி. "நோட்டே சொல்கிறதே" என்று எடுத்துக் காட்டியவள் மற்றவள். அம்மிச்சி மட்டும், "பாக்காத சொல்லாதீங்க கண்ணு" என்றார். பெரியவர்கள் சொல்லை அன்று நாங்கள் கேட்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மதியத்துக்குள் அறுநூறு பீஸ் கொடுத்தாக வேண்டும். பாதியை வெள்ளி காலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய அம்மாவின் வண்டி நொய்யல் பாலத்தருகே நின்றுவிட்டது. லாரிகளுக்கு நடுவே, மழைத் தூறலில், மூட்டையோடு தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. "இப்படியே இருந்தா அடுத்த லாட் வேற இடத்துக்குத்தான் போகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருந்த நான்கு மெஷினுக்கும் தீபாவளிக்கும் அந்த அடுத்த லாட்தான் நம்பிக்கை. நாங்கள் பள்ளி விட்டு வந்தபோது அம்மா அந்த அண்ணனிடம், "தம்பி, திங்கக்கிழமையிலிருந்து வேற எடம் பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சம்பளத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. தலையைக் குனிந்தபடி போய்விட்டார்.

அவர் மறுத்துப் பேசாதது எங்களுக்கு உறுத்தலாக இருந்தது. ஆயினும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: நாங்கள் சோதனையில் இறங்கியது அவரைக் காப்பாற்றுவதற்காக அன்று. அவர் தண்ணீர் கலந்ததை மெய்ப்பித்து அப்பாவிடம் காட்டுவதற்காகத்தான். பெட்ரோல் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. தண்ணீர் கலந்திருந்தால் பாட்டிலின் அடியில் தனியாகத் தங்கும். பாடத்தில் படித்தது இதற்காவது உதவட்டும் என்று ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கழுவிக் காய வைத்தோம்.

இங்கே ஒரு வார்த்தை. பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: பெட்ரோல், காற்று, தீப்பொறி. இவை சரியான அளவில், சரியான நேரத்தில், நல்ல அழுத்தத்தில் சிலிண்டருக்குள் கூட வேண்டும். வண்டி கிளம்பவில்லை என்றால் இவற்றில் எது வரவில்லை என்று தேட வேண்டும். இந்தத் தேடலை முதன்முதலில் நெடுஞ்சாலையில் நின்று செய்தவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் 1886-இல் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். நூறு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரம். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தது. தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். தீப்பொறிக் கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டையைச் சுற்றி ஓட்டினார். எரிபொருள் தீர்ந்தது, வழியில் இருந்த மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார்.

நமது கொங்கு நாட்டிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1893-இல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிப் பூட்டிப் பார்த்துக் கற்றவர். நமது திருப்பூரில் பருத்தித் தொழிலும் செய்தவர். 1920-இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டித் தொடங்கியவர். கழற்றிப் பார்ப்பதற்கு அஞ்சாதவர்களே கற்றுக்கொள்கிறார்கள் போலும்.

எங்கள் கதைக்கு வருவோம். அப்பாவுக்கு ஷிப்டுக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. மழை விட்டிருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே வாசலில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டத்தில் வண்டியை நிறுத்தினோம். பெட்ரோலைத் தொடும் வேலையைப் பெரியவர்கள் துணையின்றிச் செய்யலாகாது. நாங்களும் அப்பா இல்லாமல் செய்யவில்லை. அவர் முதலில் வண்டியைத் தெருவில் ஓட்டினார். மூன்று சுற்றுப் போனார். நான்காம் சுற்றில், எதிர்பார்த்தபடியே நின்றது. தள்ளிக்கொண்டு வந்தார்.

முதலில் பிளக்கைக் கழற்றினார். அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்துக் கிக்கரை மிதித்தபோது நீல நிறப் பொறி பளிச்சென்று தெறித்தது. ஆகவே தீப்பொறி உண்டு. "இதைப் பாருங்க" என்று பிளக்கின் நுனியைக் காட்டினார். உலர்ந்து கிடந்தது. அத்தனை முறை மிதித்த பிறகு பிளக் ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை என்று பொருள். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை என்று பொருள். டாங்க் நிறையப் பெட்ரோல், சிலிண்டரில் ஒரு துளியும் இல்லை!

பிளக்கைப் பூட்டி, எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தோம். பின்பு அப்பா கார்புரேட்டரில் மாட்டியிருந்த பெட்ரோல் டியூபைக் கழற்றி எங்கள் பாட்டிலுக்குள் விட்டார். பெட்ரோல் சொட்டு, சொட்டு, சொட்டு என்று வந்தது, நின்றது. "டியூப்ல அடைப்பா?" என்றார் அப்பா. டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இளையவள் ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். பை, மூடியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பிய்த்து எடுத்தபோது 'உஸ்ஸ்' என்றொரு பெருமூச்சு! அதே நொடியில் கீழே பாட்டிலில் பெட்ரோல் தாரையாகக் கொட்டியது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூத்தவள், "மறுபடி கட்டு" என்றாள். கட்டினோம். தாரை மெலிந்து, சொட்டாகி, நின்றது. அவிழ்த்தோம், கொட்டியது. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் அப்படியே. மூடியை மட்டும் பூட்டிப் பையை விட்டுவிட்டுப் பார்த்தோம். பெட்ரோல் தடையில்லாமல் இறங்கியது.

அப்பா மூடியைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு சின்னஞ்சிறு துளை. கீழே பெட்ரோல் இறங்க இறங்க, அதன் இடத்தை நிரப்ப மேலே காற்றுப் போவதற்கான வழி. வெளிக்காற்று உள்ளே போகாவிட்டால் டாங்கினுள் அழுத்தம் குறையும். பெட்ரோல் இறங்காமல் மேலேயே தொங்கி நிற்கும். வேதியியல் ஆய்வகத்தில் பிப்பெட்டின் மேல்முனையை விரலால் மூடி நாம் திரவத்தைப் பிடித்து வைக்கிறோமே, அதே செயல்தான். திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மிச்சி, "இதுக்கா இத்தன நேரம்? எண்ணெ டின்னுக்கு ஒரே ஓட்டை போட்டா மொடக்கு மொடக்குன்னு தானே வரும்? ரெண்டு ஓட்டை போடோணும்" என்றார். காற்றுக்கு அழுத்தம் உண்டென்று டாரிசெல்லி 1643-இல் பாதரசக் குழாயில் காட்டியதை நாங்கள் தேர்வுக்கு எழுதியிருக்கிறோம். மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். அது எண்ணெய் டின்னிலும் இருக்கிறது, எங்கள் மொபெட்டிலும் இருக்கிறது என்பது மட்டும் தோன்றவில்லை.

அப்படியானால் பெட்ரோல் போட்ட மறுநாள் மட்டும் ஏன் நின்றது? அந்த நோட்டு பொய் சொல்லவில்லையே! மூத்தவள்தான் யோசித்துச் சொன்னாள். டாங்க் நிறைந்திருக்கும்போது மேலே காற்றுக்குள்ள இடம் ஒரு தம்ளர் அளவுதான். அதிலிருந்து சிறிதளவு பெட்ரோல் இறங்கினாலே காற்று விரிந்து அழுத்தம் சட்டென்று குறைந்துவிடும். டாங்க் பாதி காலியாக இருந்தால் காற்று சொம்புக் கணக்கில் இருக்கும். அதே அளவு பெட்ரோல் இறங்கினாலும் அழுத்தம் அவ்வளவாகக் குறையாது. 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிதான் இது. ஆகவே பாதி டாங்கில் வண்டி கம்பெனி வரை போய்விடும். நிறைந்த டாங்கில் பாலத்திலேயே நின்றுவிடும். பெட்ரோல் போட்டவர் மேல் குற்றமில்லை. டாங்கை நிறைத்ததுதான் அவர் செய்த தவறு! நாங்கள் குற்றச்சாட்டாக நீட்டிய அதே நோட்டு, அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சாட்சியாக எங்கள் முன் கிடந்தது.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். அடியில் ஒரு துளி தண்ணீர்கூட இல்லை.

அம்மா வழியில் நின்றபோதெல்லாம் மூடியைத் திறந்துதான் இருக்கிறார். திறந்ததும் காற்று உள்ளே போய் வண்டியும் கிளம்பியிருக்கிறது. ஆனால் அதே நேரத்தில் சோக்கை இழுத்தார், சாய்த்தார், ஆற விட்டார். ஐந்து காரியங்களை ஒன்றாகச் செய்ததால் குணமாக்கியது எது என்று தெரியாமல் போயிற்று. மெக்கானிக்கிடமோ நோய்க்குக் காரணமான பையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு நோயாளியை மட்டும் கொண்டு போனோம். அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மருத்துவரிடம் பாதியை மறைத்துப் பேசுவது போலத்தானே இது?

அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார். அன்று இரவு எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. மழை இறங்காமல் இருக்கக் கட்டியது நாங்கள். காற்று போகாமல் அடைத்தது நாங்கள். பழி சுமத்தியதும் நாங்கள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அம்மா கோபிக்கவில்லை. "நானுந்தான் ஒரு வார்த்த அவனக் கேக்கலையே" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை விடிந்ததும் மூவருமாக அந்த அண்ணன் தங்கியிருந்த லைன் வீட்டுக்குப் போனோம். ஓர் அறையில் ஆறு பேர். அவர் தமது பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா, "தப்பு எங்க மேல தம்பி" என்று தொடங்கினார். மீதியை நாங்கள் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பேசி வைத்திருந்தோம். இளையவள் பாதியில் அழுதுவிட்டாள். மூத்தவள் முடித்தாள்: "அண்ணா, தண்ணி கலந்தீங்கன்னு சொன்னது நாங்கதான். மன்னிச்சிடுங்க."

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பரவால்லைங்கம்மா" என்றார். மேலும் சொன்னார்: "ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடப் போறப்பவும் அந்தப் பை மூடியில ஒட்டிக்கிட்டு, குழிஞ்சு உள்ள போயிருக்கும். ஏன் இப்படி இருக்குதுன்னு நெனச்சேன். பாப்பாங்க கட்டுனதுன்னு நான் அப்படியே திருப்பிக் கட்டிருவேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டோம்.

"நீங்க யாரும் கேக்கலியே" என்றார்.

தோழியரே, வண்டியை விட்டுவிடுங்கள். இந்த ஒரு சொல்தான் எங்களை இன்னும் விடவில்லை. காரணத்தைக் கண்ணால் கண்டவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவரிடம் கேட்காமல், அவரைப் பற்றி மட்டும் பேசினோம். நோட்டில் இருந்த மூன்று தேதிகளும் உண்மை. அவற்றிலிருந்து நாங்கள் தாவிய முடிவுதான் பொய். அவர் வேறு மாநிலத்தவராக இல்லாமல் எங்கள் தெருக்காரராக இருந்திருந்தால் அவ்வளவு விரைவாகத் தாவியிருப்போமா என்று எங்களையே கேட்டுப் பார்த்தோம். விடை எங்களுக்குப் பெருமை தருவதாக இல்லை.

அன்று மதியத்துக்குள் அறுநூறு பீஸும் போய்ச் சேர்ந்தது. வண்டி வழியில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. அந்த வாரச் சம்பளத்தோடு தீபாவளிக்குத் துணியும் எடுத்துக் கொடுத்தார் அம்மா. அண்ணன் இன்றும் எங்களிடம்தான் வேலை பார்க்கிறார். கொட்டகைத் தகரத்துக்கு ஒட்டுப் போட்டாயிற்று. டாங்க் மூடிக்கு இப்போது பாலிதீன் பை இல்லை; ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தளர்வாகக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். மழை இறங்காது, காற்றுப் போகும். அந்த யோசனையும் அவருடையதே.

உங்கள் வீட்டு வண்டியும் ஒரு நாள் கிளம்பாமல் நிற்கும். அப்போது பெட்ரோல் இருக்கிறதா, அது கீழே இறங்குகிறதா, பொறி வருகிறதா, காற்றுக்கு வழி இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கடைசியாக நீங்கள் வண்டிக்கு என்ன செய்தீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பல சமயம் வினை அங்கேதான் இருக்கும். அதற்கெல்லாம் முன்னால், பக்கத்தில் நிற்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.